அறுநூற்றுப் பன்னிரண்டு இடுப்பும் இரண்டு விரலும்

நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். அவர் இதுவரை அளந்த இடுப்புகளின் எண்ணிக்கை இது. நாளைக்கு ஏழரை இடுப்பு, வருடத்துக்கு இருநூற்றுத் தொண்ணூறு வேலை நாள், பத்தொன்பது வருடம் என்று அவரே ஒரு தாளின் பின்பக்கத்தில் பெருக்கிக் காட்டுகிறார். அதென்ன அரை இடுப்பு என்று கேட்டால் அதற்கும் பதில் தயாராக இருக்கிறது.

"டேப்பைச் சுத்தி ரெண்டு முனையையும் சேர்க்கறதுக்குள்ள போன் வந்துடும். 'இதோ வந்துடறேங்க்கா'ன்னு போவாங்க. வர மாட்டாங்க. அதை அரைன்னுதானே எழுதணும்?"

வயது நாற்பத்து நான்கு. உயரம் நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டர். தன் இடுப்பளவை மட்டும் அவர் சொல்வதில்லை. "அது ஆபீஸ் விஷயம்" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்.

பத்தொன்பது வருடமும் ஒரே சீருடைக் கடை. மருத்துவமனைக் காவலர்கள், ஓட்டல் சிப்பந்திகள், பேருந்து நடத்துநர்கள், விமான நிலையத்தில் பெட்டி தள்ளுகிறவர்கள் எல்லோரும் வரிசையில் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அவர் அளப்பார், உரக்கச் சொல்வார், உள்ளே வெட்டுகிறவர் எழுதிக்கொள்வார். ஒரு திங்கட்கிழமை, மனிதர்கள் எல்லோரும் ஐந்து அளவுகளுக்குள் அடங்கிவிட்டார்கள் என்று முதலாளி கண்டுபிடித்தார். சிறிது, நடு, பெரிது, மிகப் பெரிது, அதற்கும் மேல். சட்டைகள் பெட்டி பெட்டியாக ஆலையிலிருந்து தைத்தே வந்து இறங்கின. அளக்கிறவருக்கு வேலை இல்லை. அவருக்கு இதில் பெரிய மனக்குறை ஒன்றும் கிடையாது. "பத்தொன்பது வருஷம் நின்னாச்சு. முழங்கால்தான் நன்றி சொல்லுச்சு" என்கிறார்.

ஏழு வாரம் கழித்து, மகள் படிக்கும் தொழில்நுட்பக் கல்லூரியின் சுகாதார மையத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அளவெடுக்கத் தெரிந்த பெண் தேவை, நான்கு மாத வேலை. மகள் அதைப் படம் பிடித்து அனுப்பினாள். அம்மா மறுநாளே போய் நின்றார். மையத்தின் டாக்டர் முப்பத்தைந்து வயதுப் பெண்மணி, வேகமாக நடப்பவர், அதைவிட வேகமாகப் பேசுபவர்.

"டேப் பிடிச்சுப் பழக்கம் உண்டா?"

"பத்தொன்பது வருஷம், டாக்டர்."

"நாளைக்கே வந்துடுங்க."

நேர்காணல் அவ்வளவுதான். அந்தப் பத்தொன்பது வருடம் தகுதியா தடங்கலா என்று யோசிக்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஆய்வின் நோக்கம் எளிது. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருக்கிறவர்களில் யாருக்கு உடம்பில் கொழுப்பு மிகுதி என்று துல்லியமாகச் சொல்ல ஒரு இயந்திரம் உண்டு. வெறுங்காலோடு அதன்மேல் ஏறி, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்து நின்றால் அச்சடித்த தாள் வெளியே வரும். ஊருக்கே அப்படி ஒன்றுதான். அதுவும் பெரிய மருத்துவமனையில், வாரத்தில் இரண்டு நாள் பழுதில். எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளையும் அதில் ஏற்றி இறக்குவது நடக்காத காரியம். எனவே டேப்பையும் எடை மேடையையும் மட்டும் வைத்துக்கொண்டு, யாரை அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. உயரம், எடை, கழுத்து, இடுப்பு ஆகிய நான்கையும் எல்லோருக்கும் எடுப்பது. ஆணிலும் பெண்ணிலும் அறுபது அறுபது பேரை மட்டும் இயந்திரத்துக்கு அனுப்பி, எந்த அளவு அதோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது.

டாக்டருக்குப் பிடித்த விதி ஒன்று இருந்தது. இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் அடங்க வேண்டும். அட்டவணை வேண்டாம், கால்குலேட்டர் வேண்டாம். உயரத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பார்த்தால் போதும். முனைகள் தொட்டால் வீட்டுக்குப் போகலாம். தொடாவிட்டால் ரத்தம் கொடுக்க வர வேண்டும். "யார் வேணும்னாலும் எடுக்கலாம். அதுதான் இதோட அழகு" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிவந்தார்.

பயிற்சி அரை நாள். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் சரிபாதியில் டேப் போக வேண்டும். மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். டேப் சதையை இறுக்கக் கூடாது, தளர்வாகவும் இருக்கக் கூடாது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இறுக்கம் என்றால் என்ன, தளர்வு என்றால் என்ன என்று டாக்டர் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இருபது வருடம் விமானம் ஓட்டியவர் மேலே எது கீழே எது என்று கேட்பாரா?

பெண்களை அவர் அளப்பார், ஆண்களைக் கம்பவுண்டர். கம்பவுண்டர் ஐம்பத்தெட்டு வயது, மருத்துவமனையில் முப்பது வருடம் கட்டுப் போட்டு ஓய்வு பெற்றவர். அளவெடுக்கும் அறை, விளையாட்டுச் சாமான் வைத்திருந்த கிடங்கு. நடுவில் ஒரு தடுப்பு, அதன் இருபுறமும் பச்சைத் திரை. பெண்கள் பக்கத்துத் திரைக்கு வெளியே ஒரு மேசையில் நர்ஸ் உட்கார்ந்து, உள்ளேயிருந்து வரும் எண்களை எழுதிக்கொள்வார். சுவர் முழுக்கப் பழைய ரப்பர் பந்தின் வாடை.

மூலையில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம். அதன் சுற்றளவு எண்பத்து நான்கு சென்டிமீட்டர். தினமும் காலை வேலை தொடங்குமுன் இருவரும் டிரம்மை அளந்து காட்ட வேண்டும், கையும் டேப்பும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க. அவருக்குத் தினமும் எண்பத்து நான்கு. கம்பவுண்டருக்கு ஒரு நாள் எண்பத்து மூன்று புள்ளி ஏழு, ஒரு நாள் எண்பத்து நான்கு புள்ளி இரண்டு. டாக்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுப்பார். கம்பவுண்டரிடம் மூக்குக் கண்ணாடியை மாற்றச் சொல்வார்.

மாணவிகள் ஒரே வாரத்தில் அவருக்கு டேப்பக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். திரைக்குள் நடக்கும் பேச்சு வெளியே வரிசை முழுக்கக் கேட்கும். கேட்பதற்காகவே சிலர் முன்கூட்டி வந்து நிற்பதும் உண்டு.

"அக்கா, காலையில சாப்பிடாம வந்திருக்கேன். அதுக்கு ஏதாவது கழிச்சுக் குடுப்பீங்களா?"

"கழிச்சுக் குடுக்க இது கடையா? மூச்சை விடு."

"விட்டுட்டேன்."

"விட்டதுக்கப்புறம் வயித்தை ஏன் உள்ள இழுக்கற?"

"அது தானா போகுதுக்கா."

"தானா வெளிய வரட்டும். நான் நிக்கறேன்."

அவர் உண்மையிலேயே நிற்பார். யாரும் வயிற்றைக் காலம் முழுக்க இழுத்துப் பிடிக்க முடியாது என்பது கடையில் கற்ற பாடம். மாணவிகளில் அதிகபட்சம் நாற்பத்தெட்டு விநாடி. "நீச்சல்ல சேர்ந்துடு கண்ணு, இங்க எதுக்கு வீணடிக்கற?" என்று அந்தப் பெண்ணுக்கு யோசனையும் சொல்லி அனுப்பினார். உயரம் கூட்டிக் காட்டினால் பாதியும் கூடும் என்று கணக்குப் போட்டு, கொண்டையை உச்சியில் போட்டு வந்தவர்கள் பதினோரு பேர். பதினொன்றையும் அவிழ்க்க வைத்தார். இருபது வயதில் டேப்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்களைப் பேச்சில் இழுத்துச் சிரிக்க வைத்துவிட்டால் வயிறு தன்னால் இயல்புக்கு வந்துவிடும் என்றும், சிரிப்பு நின்ற அந்த நொடியில்தான் அளக்க வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். சுவரில் இருந்த படத்தில் இது இல்லை.

நான்கு மாதம் முடியும்போது மையத்தில் ஒரு நிரந்தர இடம் போடப்போவதாகப் பேச்சு. "ரிப்போர்ட் நல்லபடியா போகட்டும். உங்க பேரைத்தான் எழுதுவேன்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிரந்தரம் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டால் இரண்டு விரலை மடக்குகிறார். ஒன்று, உட்கார ஒரு நாற்காலி. இரண்டு, காய்ச்சல் வந்து படுத்தால் சம்பளம் பிடிக்காத வேலை. நாற்பத்து நான்கு வயதுவரை இரண்டுமே அவருக்கு வாய்த்ததில்லை.

கடைசி மாணவியையும் அளந்து முடித்த வாரம், திங்கட்கிழமையன்று டாக்டர் முடிவுகளைப் பலகையில் எழுதினார். பாதிக்கு மேல் போனவர்கள் ஆண்களில் அறுநூற்றைம்பத்தைந்துக்கு நூற்று முப்பத்தெட்டு. பெண்களில் அறுநூற்றுப் பன்னிரண்டுக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு. ஐந்தில் ஒருவன், மூன்றில் ஒருத்தி. இதில் சிக்கல் என்னவென்றால், இயந்திரம் சொன்னதோடு ஆண்களின் இடுப்பு அழகாக ஒத்துப்போனது. பெண்களின் இடுப்பு ஒத்துப்போகவில்லை. இயந்திரம் சரி என்ற பெண்களைக்கூட டேப் பிடித்துக் கொடுத்தது. கழுத்தும் அப்படியே.

டாக்டர் இதற்கு மூன்று பத்தியில் விளக்கம் எழுதினார். ஒன்று, மாணவிகள் அதிகநேரம் உட்கார்ந்திருப்பது பற்றி. இரண்டு, பெண்ணுடம்பில் கொழுப்பு தங்கும் இடங்கள் பற்றி. மூன்றாவது பத்தி மேலும் ஆய்வு தேவை என்றது.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை கம்பவுண்டரைக் கூப்பிட்டார். ஒருவேளை பெண்களின் எண் கூடவில்லை, ஆண்களின் எண்தான் குறைந்திருக்கிறதோ? டிரம்மில் தள்ளாடியது யார் கை என்பதும் குறிப்பேட்டில் இருந்தது.

"நீங்க டேப்பை ரொம்ப இழுத்துப் பிடிக்கறீங்களோன்னு தோணுது."

"முப்பது வருஷம் கட்டுப் போட்டிருக்கேன் டாக்டர். எது இறுக்கம்னு எனக்குத் தெரியாதா?"

"அதனாலதான் கேக்கறேன். கட்டுன்னா இறுக்கித்தானே போடுவீங்க?"

 மறுபயிற்சிக்கு வரும்படி ஒரு தாளைக் கம்பவுண்டர் கையில் கொடுத்தார்கள். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெண்கள் பக்கத்து மேசைக்கு வந்து, டேப்பக்காவிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

"என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. எனக்கு அளக்கத் தெரியலையாம். டேப்பு எப்படிப் பிடிக்கணும்னு உன்கிட்ட கத்துக்கச் சொல்றாங்க."

"அதுக்கென்னண்ணே, வாங்க, சொல்லித் தரேன்" என்று அவரும் சொல்லிவைத்தார்.

நூற்றுத் தொண்ணூற்றேழு மாணவிகளின் வீட்டுக்கும் கடிதம் அச்சாகிவிட்டது. 'தங்கள் மகளின் இடுப்புச் சுற்றளவு அவரது உயரத்தில் பாதிக்கு மேல் இருப்பதால்' என்று தொடங்கி, வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி முடியும் கடிதம். வெள்ளிக்கிழமை மதியத் தபாலில் சேர்க்க வேண்டும்.

புதன்கிழமை மாலை அவர் வீடு திரும்பியபோது மகள் நடு அறையில் நின்றுகொண்டிருந்தாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. சன்னலடியில் ஒரு தையல் இயந்திரம், அதன்மேல் மடிக்காத துணிகளின் குவியல். மகளுக்குப் பத்தொன்பது வயது, இரண்டாம் ஆண்டு, இயந்திர வரைபடம் படிக்கிறாள். ஒரு கையில் அளவுச் சீட்டு, மறு கையில் அம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்த டேப். பேருந்து ஓட்டுநரான கணவர் அப்போதுதான் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உனக்கு என்மேல என்ன கோபம்?"

"என்னடி?"

"எண்பதரை. இது நீ எழுதினதுதானே?"

"நான் எழுதலை. சொன்னேன். நர்ஸ் எழுதினாங்க."

"என் உயரம் நூத்தம்பத்தெட்டு. பாதி எழுபத்தொம்பது. ஒன்றரை ஜாஸ்தி. வெள்ளிக்கிழமை லெட்டர் போடறாங்களாம். யாருக்கு? பெற்றோருக்கு. அதாவது உனக்கு. நீயே அளந்து, நீயே சொல்லி, உனக்கே லெட்டர் வருது."

"வந்தா வாங்கி வைக்கறேன். நேர்மைன்னா அப்படித்தான். மகள்னு பார்த்து ஒன்றரையைக் குறைக்க முடியுமா?"

"எனக்கும் சேர்த்துப் போடறாங்களா?" என்றார் கணவர், ஷூவுக்குள் பார்த்தபடி.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கெல்லாம் லெட்டர் பத்தாது, பார்சல்தான்."

மகள் சிரிக்கவில்லை. "நான் இப்ப அளந்தேன். மூணு தடவை. எழுபத்தெட்டு புள்ளி ரெண்டுதான் வருது."

"வயித்தை உள்ள இழுத்திருப்ப."

"இழுக்கலை. நீயே வந்து அள."

அவர் கைப்பையை வைத்துவிட்டு வந்தார். விலா எலும்பைத் தொட்டுப் பார்த்தார், இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்த்தார், நடுவில் டேப்பைச் சுற்றினார். மூச்சை விடச் சொன்னார். "எண்பதரை. பாத்தியா?"

மகள் குனிந்து பார்த்தாள். அசையாமல் அப்படியே நின்றாள்.

"அம்மா, உன் விரல் உள்ள என்ன பண்ணுது?"

டேப்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் அவருடைய இடது கையின் இரண்டு விரல்கள் இருந்தன. ஆள்காட்டி விரல், நடுவிரல். அவை அங்கே இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

தையல் வேலையில் இது சாதாரணம். உடம்பின் அளவுக்கே துணியை வெட்டினால், போட்டவர் உட்காரும்போது தையல் விட்டுவிடும். அதனால் டேப்புக்குள் இரண்டு விரல் விட்டு அளப்பார்கள். மூச்சுவிட இடம், குனிய இடம், சாப்பிட இடம். காலருக்கும் அப்படியே. பத்தொன்பது வருடத்தில் விரல்கள் உத்தரவுக்குக் காத்திருப்பதை நிறுத்திவிட்டிருந்தன.

அவர் விரலை எடுத்துவிட்டு அளந்தார். எழுபத்தெட்டு புள்ளி இரண்டு. விட்டு அளந்தார், எண்பதரை. எடுத்து அளந்தார். பிறகு கணவரை எழுப்பி நிற்க வைத்து அளந்தார். விரலோடு நூற்றொன்று, விரல் இல்லாமல் தொண்ணூற்றெட்டரை.

"ரெண்டரை குறைஞ்சிருச்சே" என்றார் கணவர். "இந்த வைத்தியம் நல்லா இருக்கே."

 அம்மா போய்த் துணிக்குவியலை ஒதுக்கிவிட்டு, தையல் இயந்திரத்தின் ஸ்டூலில் உட்கார்ந்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேருக்கும் விரல்.

"அப்ப எனக்கு லெட்டர் கிடையாது!" என்று ஆரம்பித்த மகள், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பிறகு, "சொன்னா வேலை போயிடுமாம்மா?" என்றாள்.

"பின்ன? கையப் பிடிச்சு முத்தமா குடுப்பாங்க?"

கணவர் ஓட்டுநருக்குரிய நிதானத்தோடு பேசினார். "இங்க பாரு. அந்தப் பிள்ளைங்களுக்கு என்ன ஆகப்போகுது? ஒரு நாள் காலையில சாப்பிடாம போய் ஒரு சொட்டு ரத்தம் குடுத்துட்டு வரப்போகுதுங்க. ஒண்ணும் இல்லேன்னு வந்துடும். முதல்ல வேலை நிரந்தரமாகட்டும். அதுக்கப்புறம் விரலை மெதுவா வெளிய எடுத்துக்க."

"ஆமாம்மா" என்றாள் மகள். "விடு. நான் போய் ரத்தம் குடுத்துட்டு வரேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

அவர் இருவரையும் பார்த்தார்.

"அந்தண்ணனுக்குத் தாள் குடுத்திருக்காங்க. என்கிட்ட கத்துக்கச் சொல்லி" என்றார். பிறகு, "தப்பான அளவுன்னு தெரிஞ்சா வெட்டறதுக்கு முன்னாடி சொல்லணும். வெட்டின பின்னாடி சொன்னா யாருக்கு என்ன லாபம்? வெள்ளிக்கிழமை வெட்டறாங்க" என்றார். சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு டாக்டர் அறையின் கதவு திறப்பதற்கு முன்பே அவர் வெளியே நின்றார். என்ன சொல்ல வேண்டும் என்று பேருந்தில் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். உள்ளே போனதும் வரிசை மறந்துவிட்டது. மேசைமேல் கடித உறைகளின் கட்டு. அதைத் தாண்டி டாக்டர் பக்கம் போய், "ஒரு நிமிஷம் எந்திரிச்சு நில்லுங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் எழுந்தார். அவர் டேப்பைச் சுற்றி அளந்தார், விரலோடு ஒருமுறை, விரல் இல்லாமல் ஒருமுறை. இரண்டு எண்களையும் சொன்னார். பிறகு, "அறுநூத்திப் பன்னெண்டு பேருக்கும் முதல் மாதிரிதான் எடுத்திருக்கேன்" என்றார்.

டாக்டர் குறிப்பேட்டை எடுத்தார்.

"தினம் காலையில டிரம்முல எண்பத்து நாலு கரெக்டா வந்துச்சே?"

"டிரம் உக்காராதே டாக்டர். அதுக்கு எதுக்கு இடம் விடணும்?"

நான்கு மாதக் குறிப்பேட்டில் அப்பழுக்கில்லாமல் இருந்த ஒரே பக்கத்தை டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். அடுத்து அவருக்குத் தோன்றியது படித்தவர்களுக்குத் தோன்றக்கூடிய வழி.

"சரி. எல்லார்கிட்டயும் ரெண்டு புள்ளி மூணைக் கழிச்சுடலாம். கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலை."

"கழிக்க முடியாது டாக்டர்."

"ஏன்?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி விடறதில்லையே. ஒல்லியா இருந்தா ஒரு விரல். கொஞ்சம் பூசினாப்ல இருந்தா ரெண்டு. உக்காந்தா மடிப்பு விழும்னு தோணுச்சுன்னா ரெண்டும், கூட ஒரு இழை தளர்வும்."

"யாருக்கு எத்தனைன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"நான் எங்க முடிவு பண்றேன்? கைக்கே தெரியும்."

"உங்க கைய நான் ரிப்போர்ட்ல எப்படிம்மா எழுதறது?" என்றார் டாக்டர். அந்தக் காலையில் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

பத்து மணிக்குள் கடிதப் பட்டியலிலிருந்து இருபது மாணவிகளைக் குலுக்கி எடுத்து வரவழைத்தார்கள். டாக்டர் ஒருமுறை அளந்தார், நர்ஸ் ஒருமுறை அளந்தார். இருபதில் பதினொரு பேர் பாதிக்கு மேல். மற்ற ஒன்பது பேர் உள்ளே அடங்கினார்கள். அந்த ஒன்பது பேரும் தங்களுக்குள் கைதட்டிக்கொண்டார்கள். பதினொரு பேரில் ஒருத்தி, "அக்கா, எனக்கு இன்னும் ஒரு விரல் எடுத்துப் பாருங்களேன்" என்று கேட்டாள். எடுக்க விரல் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

டாக்டர் மூன்று பத்தி விளக்கத்தையும் கோடு போட்டு அடித்தார். உறைகளின் கட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். கம்பவுண்டரைக் கூப்பிட்டு அந்தத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பையிலேயே இருந்ததால் அது நான்கு மடிப்பிலும் கிழிந்திருந்தது. கம்பவுண்டர் நேரே பெண்கள் பக்கத்து மேசைக்கு வந்தார். டேப்பக்கா திரைக்கு வெளியே வந்தார்.

"அண்ணே, தப்பு என்மேல."

"தெரியும், சொன்னாங்க. ரெண்டு நாளா என் கைய நானே நம்பலை தங்கச்சி. நேத்து பெல்ட்டைக்கூட ஒரு ஓட்டை தள்ளிப் போட்டேன். மதியம் வரைக்கும் பேண்டைப் பிடிச்சுக்கிட்டே நடந்தேன்" என்றார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு, குடித்துவிட்டுப் போனார்.

மாலையில் டாக்டர் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வந்து சொன்னதற்கு நன்றி என்றார். நிரந்தர இடத்துக்கு இப்போது அவர் பெயரை எழுத முடியாது என்றும் சொன்னார். மறு அளவீடு முடிந்து, அறிக்கை போன பிறகு விளம்பரம் வரும், மற்றவர்களோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். அவர் சரி என்றார். நாற்காலி நன்றாக இருந்ததால் இன்னும் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார்.

பயிற்சிக் கையேட்டின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'டேப்புக்கும் உடம்புக்கும் நடுவில் விரல் இருக்கக் கூடாது.' யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வாக்கியத்தை டாக்டர் இன்னும் நீக்கவில்லை. அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார்.

வீட்டுக்குப் போனதும் மகள், "அப்ப நான் உள்ளயா வெளியவா?" என்றாள்.

"என்கிட்ட கேக்காத. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அம்மா.

அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் திரும்ப அளக்கும் வேலை திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்குத் தொடங்குகிறது. நாளைக்கு முப்பத்தாறு பேர், பதினேழு வேலை நாள். அவருடைய ஒப்பந்தத்தை அந்தப் பதினேழு நாளுக்கு நீட்டியிருக்கிறார்கள். டேப் அவர் கையில்தான் இருக்கும். நர்ஸின் மேசை இனித் திரைக்கு உள்ளே. எண்ணை எழுதுவதற்கு முன் விரலைப் பார்ப்பதும் நர்ஸின் வேலை. மகளை மட்டும் நர்ஸே அளப்பார்.